அம்மிக்குப் பாமாலை; அரைத்த கைக்கு?

நம் எழுத்தாளருள் ஒரு சாராருக்கு அண்மைக் காலமாக அம்மியின்மீது அளவிறந்த காதல் பிறந்திருக்கிறது. அம்மி போயிற்று, ஆட்டுக்கல் போயிற்று, உரல் போயிற்று, அவற்றோடு தமிழர் வாழ்வும் போயிற்று என்று கவியரங்கில் கண்ணீர் வடிக்கின்றனர், கட்டுரையில் பெருமூச்செறிகின்றனர், திருமண மண்டபத்தில் ஒலிபெருக்கி கைக்குக் கிடைத்துவிட்டால், மின்கருவியைச் சீராகப் பெற்ற மணமகளுக்கு அறிவுரை கூறத் தொடங்கிவிடுகின்றனர். பிளெண்டர் வந்தது, பெண்கள் சோம்பினர், சர்க்கரை நோய் வந்தது, குடும்பம் குலைந்தது. இதுவே அவர்கள் கூறும் வரலாறு. இவ்வரலாற்றைக் கேட்டுக் கைதட்டுவோரில் பெரும்பாலோர் ஆண்கள். தட்டிய கைகளுள் ஒன்றேனும் குழவியைப் பிடித்துக் காய்த்துப் போனதுண்டா என்று கேட்டால் மண்டபம் அமைதியாகிவிடும்.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே இதனை எழுதுகிறேன். கூடவே, கையில் பிடித்துப் பாத்திரத்துக்குள் அமிழ்த்திக் கடையும் சிறு மின்கருவி ஒன்றை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதையும் எழுதப் போகிறேன். இலக்கியத் தொகுப்பில் அடுக்களைக் கருவிக்கு என்ன வேலை என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். அம்மிக்கு இடமளித்த இலக்கியம் அம்மியின் பெயர்த்திக்கு இடமளித்தால் குடி முழுகிவிடாது.

நெகிரி செம்பிலானின் ரெம்பாவ் மாவட்டத்தில், வெந்நீர் ஊற்றினால் பெயர்பெற்ற சிற்றூர் பெடாஸ். மலாய் மொழியில் அச்சொல்லுக்குக் காரம் என்று பொருள். இம்மாநிலத்து மலாய்ச் சமையலும் காரத்துக்குப் பேர் போனது. ஊசிமிளகாயையும் மஞ்சளையும் அரைத்துத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிடும் 'மாசாக் லெமாக் சிலி அப்பி' இங்குள்ளோரின் அடையாள உணவு. அதற்கும் ஒரு கல் வேண்டியிருந்தது. அந்தக் கல்லின் முன்னும் ஒரு பெண்ணே குந்தியிருந்தாள். அம்மி தமிழரின் தனிச் சொத்து என்று முழங்குவோர் பக்கத்துக் கம்பத்துக்குச் சென்று அங்குள்ள 'பத்து கிலிங்'கை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருதல் நலம்.

நான் இப்பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில் வளர்ந்தவன். 1970-களின் இறுதியில் எங்களை எழுப்பியது சேவலன்று. குழவி உருளும் ஓசை. விடியற்காலை 4 மணிக்கு லயத்தின் பின்கட்டுகளில் மண்ணெண்ணெய் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றப்படும். மிளகாய், மல்லி, சீரகம், மஞ்சள் என்று அன்றன்றைக்கு வேண்டிய மசாலையை அன்றன்று அரைத்தாக வேண்டும். பெரட்டுக்குப் பெயர் கொடுக்கும் நேரத்துக்குள் சோறு வடித்து, குழம்பு இறக்கி, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டாக வேண்டும். அதன்பின் நிரை, 400, 500 பால்மரங்கள், மங்கு மங்காகப் பாலெடுத்து வாளியில் சேர்த்துச் சுமக்க வேண்டும். திரும்பி வந்தால் துணி, விறகு, தண்ணீர். மாலையில் ஆட்டுக்கல் காத்திருக்கும். ஆணும் அதே நிரையில் அதே எண்ணிக்கை மரம் வெட்டினார் என்பது உண்மைதான். ஆனால் அவர் வீடு திரும்பியதும் அவருடைய வேலை முடிந்தது. அவருடைய மனைவிக்கு இரண்டாவது பெரட்டு அப்போதுதான் தொடங்கியது.

இந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் அம்மி அரைத்தல் நல்ல உடற்பயிற்சி என்கிறார் நம் மேடைப் பேச்சாளர். ஐயா, 500 மரத்தைச் சுற்றி வந்தவருக்கு எந்த உடற்பயிற்சி குறைந்துவிட்டது? குந்திய நிலையில் முன்னும் பின்னும் உடலைத் தள்ளி அரைத்ததால் அவருடைய இடுப்பும் தோளும் மணிக்கட்டும் என்ன பாடுபட்டன என்பதை, இரவில் தைலம் தேய்த்துவிட்ட மூத்த மகளைக் கேட்டால் தெரியும். உடற்பயிற்சிதான் நோக்கமென்றால் அதனை ஆடவருக்கும் பங்கிட்டுக் கொடுத்திருக்கலாமே! நாற்பது ஆண்டுக் காலம் ஒரு பாலாருக்கு மட்டும் வைத்திருந்ததன் மருமம் என்ன?

அந்த மூத்த மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆசிரியர் பயிற்சி முடித்து 1990-களின் தொடக்கத்தில் நான் வகுப்பறைக்குள் நுழைந்தபோது, முதல் பாடவேளையிலேயே கண்ணயரும் மாணவியர் இருந்தனர். காரணம் கேட்டால், "மாவாட்டிட்டு வந்தேன், சார்" என்பார்கள். அதே வீட்டுத் தம்பி அடுத்த வகுப்பில் முழு விழிப்போடு வாய்பாடு ஒப்பித்துக்கொண்டிருப்பான். பெண்பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று பெற்றோர் கூட்டத்தில் தந்தையர் குறைப்பட்டுக்கொண்டதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். படிப்பு ஏறாததற்கு அந்தப் பிள்ளையின் அறிவு காரணமன்று. அது எத்தனை மணிக்கு எழுந்தது என்பதே காரணம். அம்மியைப் பற்றிய கவிதையில் இந்தக் கணக்கு வருவதில்லை.

இன்னோர் உண்மையும் உண்டு. தோட்டப்புறத்தில் அம்மி நெடுங்காலம் நிலைத்து நின்றது பண்பாட்டுப் பற்றினால் என்று எண்ணுவோர் ஏமாறுகின்றனர். எங்கள் தோட்டத்தில் மின்னாக்கி இயந்திரம் மாலையில் சில மணி நேரமே ஓடியது. விடியற்காலையில் அது உறங்கிக் கிடக்கும். கையில் காசிருந்தவரும் மின்கருவி வாங்கிப் பயன் காண முடியாத நிலை. கம்பி வழியே முழுநேர மின்சாரம் வந்ததும் பெண்கள் முதலில் என்ன வாங்கினார்கள்? நகையா? இல்லை. சீட்டுப் பிடித்துப் பிளெண்டர் வாங்கினார்கள். யாரும் அவர்களுக்குச் சொற்பொழிவு ஆற்றவில்லை; பத்திரிகையில் கட்டுரை எழுதவில்லை. கல்லின் கனம் தெரிந்த கைகள் தாமே முடிவு செய்தன. பின்னர் இரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் தோட்டத்தைவிட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது, லாரியில் கட்டிலும் அலமாரியும் ஏறின. அம்மி பின்கட்டிலேயே கிடந்தது. அதனைத் தூக்கி வந்து வாசலில் பூச்சட்டிகளுக்கிடையே அழகுக்கு வைத்துக்கொண்டவர் சிலர் உண்டு. அவர்கள்தாம் இப்போது அதனைப் பற்றிப் பாடுகின்றனர்.

திருமணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கிறோமே, அதற்கு என்ன சொல்கிறாய் என்பர். நான் அந்தச் சடங்கை மறுக்கவில்லை. மிதிப்பது ஒரு நாள். அரைப்பது ஆயுள் முழுவதும். சடங்குக்குரிய கல்லைச் சடங்குக்கு வைத்துக்கொள்வோம். சிலப்பதிகாரத்தில் வள்ளைப்பாட்டு இருக்கிறதே என்பர் இன்னும் கற்றோர். இருக்கிறது, உலக்கை பிடித்த மகளிர் பாடுவதாக அமைந்த அழகிய பாட்டு. ஆயினும், பாடிக்கொண்டே செய்த வேலையெல்லாம் இன்பமான வேலை என்று கொள்வோமானால், ஏற்றம் இறைத்தவனும் படகு வலித்தவனும் இன்பத்தில் திளைத்தவர்கள் என்றல்லவா ஆகும்? அலுப்புத் தெரியாதிருக்கப் பாடிய பாட்டை, அலுப்பே இல்லை என்பதற்குச் சான்றாகக் காட்டுவது என்ன நேர்மை?

இனி, கருவிகளின் வரலாற்றுக்கு வருவோம். அரவை வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தது ஏதோ மேல்நாட்டு மோகம் என்று கூறப்படுகிறது. கல்லில் மாவரைக்கும் மின் ஆட்டுக்கல்லை 1955-இல் உருவாக்கியவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த ப. சபாபதி. கல்லை விட்டுவிடாமல், கல்லைச் சுற்றும் கையை மட்டும் விடுவித்த அறிவு அது. 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள். காஞ்சிபுரம் பட்டைப் போற்றுவோர் இதனைப் போற்ற மறந்தது ஏன்? பட்டை மேடையில் உடுத்தலாம். கிரைண்டரை உடுத்த முடியாது என்பதாலா?

மிக்சியின் கதை இன்னும் சுவையானது. பம்பாயில் சீமென்ஸ் நிறுவனப் பொறியாளராக இருந்தவர் சத்தியப் பிரகாஷ் மாத்தூர். அவருடைய மனைவி மாதுரியிடம் இருந்த ஜெர்மானிய பிரௌன் கருவி, நம்மவர் சமையலின் பளுவைத் தாங்காமல் எரிந்துபோயிற்று. பழுதுபார்க்கவும் வழியில்லை. அந்த அம்மையார் கொடுத்த தூண்டுதலால் கணவர் வலிமை மிக்க மோட்டாரை வடிவமைத்தார். 1963-இல் 'சுமீத்' பிறந்தது. அப்படியானால், அக்கருவி ஒரு பெண்ணின் குறைபாட்டை ஓர் ஆண் செவிமடுத்ததால் பிறந்தது. மேல்நாட்டார் பழக்கூழுக்காகச் செய்த மோட்டார், காய்ந்த மல்லியையும் ஊறிய உளுந்தையும் கண்டு கருகிப் போனது என்பதை நினைவில் வையுங்கள். கருவி வாங்கும்போது இது மிகவும் பயன்படும்.

2011 செப்டம்பர் 15-இல் தமிழ்நாட்டில் ஜெயலலிதா அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு விலையின்றி வழங்கத் தொடங்கியபோது, இங்கிருந்து எள்ளி நகையாடியோர் பலர். வாக்குக்காகக் கொடுக்கப்பட்டது, கருவூலம் காலியாகும் என்றெல்லாம் வாதிடலாம். அரசியலை அரசியலார் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால், பெண்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டார்கள் என்று சொன்னவரின் வீட்டில் ஏற்கெனவே இரண்டு மிக்சிகள் இருந்தன. அதுதான் எனக்கு உறுத்தியது.

இத்துணையும் கூறியது, கடையில் கண்டதையெல்லாம் வாங்குங்கள் என்பதற்காக அன்று. அம்மிப் புகழாளர் ஒரு பக்கம் ஏமாற்றுகிறார் என்றால், விற்பனையாளர் மறுபக்கம் ஏமாற்றுகிறார். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. நம் பெண்கள் மத்தளமாக இருக்கின்றனர்.

கடைகளில் 'ஹேண்ட் பிளெண்டர்' என்று விற்கப்படும் கருவியைப் பலர் பார்த்திருப்பர். ஒரு முழம் நீளமுள்ள தண்டு. மேற்பகுதியில் மோட்டாரும் கைப்பிடியும். கீழ்முனையில் மணிபோல் கவிந்த கூண்டு. கூண்டுக்குள் சிறு அலகு. இதனைச் சட்டிக்குள் அமிழ்த்திப் பொத்தானை அழுத்தினால் உள்ளிருப்பது மசிகிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரோஜர் பெரிஞ்சாக்கே என்பவர் 1950 மார்ச் 6-இல் இதற்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 'பாமிக்ஸ்' என்று அதற்குப் பெயர். அடித்துக் கலக்கு என்னும் பொருள்தரும் பிரெஞ்சுச் சொற்களை ஒட்டவைத்துச் செய்த பெயர். புதுமைதான், ஆயினும் தமிழ்ப் பெண்ணுக்கு அது புதிய பொருளன்று. தண்டும் முனையில் கிண்ணம் போன்ற தலையும் கொண்டு, சட்டிக்குள் இறங்கிக் கடையும் கருவியை நாம் என்னவென்று சொல்கிறோம்? மத்து. மந்தர மலையையே மத்தாக நட்டு, வாசுகியைக் கயிறாக்கிப் பாற்கடலைக் கடைந்ததாகக் கதை சொன்ன மக்களுக்கு, மின்சாரம் சுழற்றும் ஒரு மத்து அந்நியமாகுமா? ஆகவே இதனை மின்மத்து என்றே நான் வழங்குகிறேன். பெயர் சரியாக அமைந்துவிட்டால் அதன் பயன் தானே விளங்கும்.

நம் மொழி அடுக்களை வேலைகளை ஒரே சொல்லால் குறித்துவிடவில்லை. அம்மியில் அரைக்கிறோம், ஆட்டுக்கல்லில் ஆட்டுகிறோம், உரலில் இடிக்கிறோம், திரிகையில் திரிக்கிறோம், மத்தினால் கடைகிறோம், கையால் மசிக்கிறோம். தோசை மாவை இடித்தேன் என்று எந்தப் பாட்டியும் சொல்லமாட்டார்; கீரையை அரைத்தேன் என்றால் சமைக்கத் தெரியாதவள் என்று சிரிப்பார். ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் தனியான கல், தனியான விசை, தனியான பதம். கடையில் பத்து வேலைக்கும் இது ஒன்றே போதும் என்று விற்பனையாளர் சொல்லும்போது, அவர் ஆறு வினைச்சொற்களை ஒன்றாக்கி உங்கள் காதில் பூச்சுற்றுகிறார் என்று உணருங்கள். வாங்குவதற்குமுன் உங்கள் வீட்டில் நாள்தோறும் நடப்பது எந்த வினை என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைதலும் மசித்தலும் மிகுதியென்றால் மின்மத்து வாங்கலாம். பருப்பு, கீரை, ரசத்துக்குத் தக்காளி, மோர், பூசணிச் சூப்பு, பல் முளைக்காத குழந்தைக்கும் பல் விழுந்த முதியவருக்கும் கஞ்சி: இவை அதன் எல்லை. ஊறிய உளுந்தும் அரிசியும் அதன் வேலையல்ல. அதற்குக் கல் கிரைண்டர்தான் வேண்டும். விரைந்து சுழலும் அலகு மாவைச் சூடேற்றும்; மெதுவாகச் சுற்றும் கல் அவ்வளவு சூடேற்றாது. காய்ந்த மிளகாயும் மல்லியும் அதன் வேலையல்லவே அல்ல. மாதுரி அம்மையாரின் கருவி எரிந்த கதையை மறந்துவிடாதீர்கள்.

தேங்காய்ச் சட்னி? தனியாகச் சிறு கிண்ணமும் அதற்குரிய அலகும் சேர்த்து விற்கப்படும் வகையாயின் ஓரளவு முடியும். வெறும் தண்டினால் முயன்றால் தேங்காய் சுவரில் ஒட்டும், சட்னி ஆகாது.

சுவையைப் பற்றிக் கேட்போர்க்கு மறைக்காமல் விடை சொல்கிறேன். அம்மிச் சட்னியின் சுவை வேறுதான். கல் நசுக்குகிறது, அலகு வெட்டுகிறது. நசுக்கும்போது சாறும் எண்ணெயும் வெளிப்படும் விதம் வேறு, வெட்டும்போது வேறு. இதனை நான் மறுக்கவில்லை. அச்சுவை வேண்டுவோர் ஞாயிறுதோறும் அம்மியை எடுத்துப்போட்டுத் தாமே அரைத்து, வீட்டாருக்கும் பரிமாறலாம். நாக்கு ஒருவருடையது, முதுகு இன்னொருவருடையது என்னும் ஏற்பாடுதான் ஒழிய வேண்டும்.

விற்பனையாளர் முதலில் காட்டுவது வாட் எண். 300, 600, 1,000 என்று பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். வாட் என்பது கருவி இழுக்கும் மின்சாரத்தின் அளவு. அது செய்யும் வேலையின் அளவன்று. அலகு கூர்மையாகவும் கூண்டு நன்கு வடிவமைக்கப்பட்டும் இருந்தால், குறைந்த வாட் கருவியும் பருப்பை வெண்ணெயாக்கும். கூண்டு சரியில்லையென்றால் ஆயிரம் வாட்டும் நுரை கிளப்புவதோடு சரி. நாளைக்கு ஒருவேளை பருப்பு கடையும் வீட்டுக்கு ஆயிரம் வாட் எதற்கு? நம்மவர் சிலர் வாட் எண்ணைச் சாதகக் குறிப்புபோல் ஒப்பிடுகின்றனர்.

எண்ணைவிட முக்கியமானது பெட்டியில் சிறிய எழுத்தில் இருக்கும் செய்தி: தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்பது. பெரும்பாலான மின்மத்துகள் ஒரு நிமிடம் ஓடிச் சில நிமிடம் ஓய்வெடுக்க வேண்டியவை. கைப்பிடிக்குள் அடைபட்ட சிறு மோட்டாருக்குச் சூடு தணிய இடமில்லை. இதனை அறியாமல் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்துப் புகை கிளம்பியபின், கலியுகத்தில் பொருளெல்லாம் இப்படித்தான் என்று நொந்துகொள்வோர் உளர். பொருளின்மேல் பாதிக் குறையென்றால் படிக்காத கண்ணின்மேல் பாதி.

அடுத்தது தண்டு. பிளாஸ்டிக் தண்டு விலை மலிவு, எடையும் குறைவு. ஆனால் நம் குழம்பு கொதிக்கும், மஞ்சள் இருக்கும். ஒரே மாதத்தில் மஞ்சள் ஏறி, பின் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. சூட்டில் நாளடைவில் கோணவும் கூடும். துருப்பிடிக்காத எஃகுத் தண்டே நம் சமையலுக்கு உகந்தது. அதுவும் கழற்றிக் கழுவத்தக்கதாக இருத்தல் வேண்டும். மோட்டார்ப் பகுதியைத் தண்ணீருக்குள் முக்கக் கூடாது. கழற்ற முடியாத தண்டையோ முக்காமல் கழுவ முடியாது. இந்த இடியாப்பச் சிக்கலை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். எஃகுக்கூண்டு மண்சட்டியின் அடியில் மோதினால் சட்டி சிதறலாம். ஒட்டாப் பூச்சுள்ள சட்டியில் பூச்சு உரியும். மண்சட்டியில் கீரை கடைவோர் பழைய மர மத்தையே வைத்துக்கொள்க. அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. மர மத்து எவருடைய இடுப்பையும் ஒடித்ததில்லை.

மின்சாரத்தில் விளையாட்டு வேண்டா. நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். செருகி மூன்று தட்டைக் கால்களை உடையது. இந்தியாவிலிருந்து உறவினர் கொண்டு வரும் கருவிக்கு வோல்ட் பொருந்தும், கால்கள் பொருந்தா. இணையக் கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றுள் சில இரண்டு கால்களோடு வருகின்றன. உடனே நம்மவர் பேனாவையோ சாப்ஸ்டிக் குச்சியையோ மேல் துளைக்குள் குத்தி, தடுப்பைத் திறந்து, இரண்டு காலையும் செருகிவிடுகின்றனர். இந்த வித்தையை என் பள்ளி மாணவர்களே எனக்குச் செய்து காட்ட முன்வந்திருக்கிறார்கள்! வீட்டில் பெரியவர் செய்வதைப் பார்த்துப் பழகியது. ஈரக் கையோடு நிற்கும் அடுக்களையில் இதைவிடக் கொடிய பழக்கம் வேறில்லை. அடுக்களை மின்கருவிகள் எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் பெற்றே இந்நாட்டில் விற்கப்பட வேண்டும் என்பது சட்டம். ஒப்புதலுக்கு அடையாளமாகச் சிரிம் முத்திரைச் சீட்டு கருவியின்மேல் ஒட்டப்பட்டிருக்கும். அச்சீட்டு இல்லையென்றால், விலை பாதியாயினும் கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

விலையைப் பற்றி ஒரு சொல். நூறு வெள்ளிக்குக் கீழேயும் மின்மத்து உண்டு; பல நூறு வெள்ளிக்கும் உண்டு. 2025 பிப்ரவரி 1 முதல் இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. இப்பக்கத்துத் தாமான்களுக்கு வீடு வீடாக வந்து, சமையலறையிலேயே செய்து காட்டி, ஆயிரக்கணக்கில் விலையுள்ள பெரிய சமையல் இயந்திரத்தைத் தவணைக்கு விற்றுச் செல்லும் வணிகம் ஒன்று நடந்தது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மூன்றாண்டுத் தவணைக்குக் கையெழுத்திட்டது. கணவர் தொழிற்சாலை ஊழியர், கையெழுத்தும் அவருடையதே. மனைவி என்னிடம், "எனக்குப் பருப்பு கடைய ஒண்ணு கேட்டேன், சார். இவரு பிளேன் வாங்கிட்டு வந்துட்டாரு" என்றார். அந்தப் பேரியந்திரம் இப்போது துணி போர்த்தியபடி ஒரு மூலையில் நிற்கிறது. பருப்பைக் கரண்டியால்தான் மசிக்கிறார். அம்மியைப் பற்றிச் சொற்பொழிவாற்றுகிறவரும் மனைவியைக் கேளாமல் தவணைக்குக் கையெழுத்திடுகிறவரும் எனக்கு ஒருவராகவே தோன்றுகின்றனர். இருவருமே அந்தக் கையை எதுவும் கேட்கவில்லை.

ஆகையால் என் முறையீடு இது. கடைக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள். பணம் யாருடையதாயினும் தேர்வு அவருடையதாக இருக்கட்டும். அவர் கருவியைக் கையில் பிடித்துப் பார்க்கட்டும். எடை ஒரு கிலோவை நெருங்கினால், ஒரு கையால் தூக்கிப் பிடித்துப் பொத்தானையும் அழுத்திக்கொண்டு நிற்பது எளிதன்று. ஆணின் அகன்ற கைக்கு இதமாக இருக்கும் கைப்பிடி சிறிய கைக்குத் தடிமனாக இருக்கும். மூட்டுவலி உள்ள விரல் அந்தப் பொத்தானை அழுத்த முடிகிறதா என்று சோதிக்க வேண்டும். சில பொத்தான்கள் கல்லைப்போல் இறுகியிருக்கின்றன. கம்பி அடுப்புவரை எட்டுமா என்பதையும் கேளுங்கள். விற்பனையாளர் கணவரின் முகத்தைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தால், பயன்படுத்தப் போகிறவர் இவர், இவரிடம் பேசுங்கள் என்று கணவரே சொல்லட்டும். அம்மிக்குக் கவிதை எழுதுவதைவிட அந்த ஒரு தொடர் மேலான தமிழ்த் தொண்டு.

வீட்டுக்கு வந்தபின் பையன்கள் கையில் அதனைக் கொடுங்கள். அம்மியின்முன் குந்தினால் ஆண்மைக்கு இழுக்கு என்று எந்தக் காலத்திலோ யாரோ சொல்லிவைத்ததை நம் பையன்கள் இன்றும் நம்புகின்றனர். மின்மத்தைப் பற்றி அப்படி எந்தச் சாத்திரமும் இதுவரை எழுதப்படவில்லை, எழுதப்படுமுன் பழக்கிவிடலாம். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் பெரியவர் ஒருவர் அருகிருக்கப் பருப்பு கடையலாம். அடுப்பை அணைத்துவிட்டு, உயரமான பாத்திரத்தில், கூண்டு முழுவதும் அமிழ்ந்தபின்பே பொத்தானை அழுத்த வேண்டும். அமிழுமுன் அழுத்தினால் கொதிக்கும் பருப்பு முகத்தில் தெறிக்கும். விட்டு விட்டு அழுத்தினால் பருப்பு கடைந்த பதத்தில் நிற்கும். விடாமல் அழுத்தினால் பசையாகிவிடும். அலகில் நாரோ தோலோ சிக்கிக்கொண்டால், முதலில் செருகியைச் சுவரிலிருந்து பிடுங்க வேண்டும். அதன்பின்பே அலகின் அருகே விரல் போக வேண்டும். ஒரு கையால் சிக்கலை எடுக்கும்போது மறு கை தன்னையறியாமல் பொத்தானை அழுத்திவிடுகிறது. விரல் வெட்டுப்பட்டு மருத்துவமனைக்கு ஓடியவர்களுள் பலருக்கு நேர்ந்தது இதுதான். முடிந்தபின் பாத்திரத்தில் வெந்நீரும் ஒரு சொட்டுச் சவர்க்காரமும் ஊற்றி, அதிலேயே சில நொடிகள் ஓட்டினால் தண்டு தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். பிறகு கழற்றித் துடைத்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். அதையும் கடைந்தவனே செய்ய வேண்டும், அக்காளைக் கூப்பிடக் கூடாது.